மேசைத் தூசியில் ஈயம் இருக்கிறதா என்று யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் அலுவலகத் துப்புரவுக் குழு ஒன்றின் மேற்பார்வையாளர். சிங்கப்பூரின் தஞ்சோங் பகார், ஷென்டன் வே வட்டாரத்துக் கட்டடங்களில்தான் எங்களுக்கு வேலை. என் குழுவில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டிய அக்காமார், அண்ணன்மார். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் உண்டு. அலுவலக ஊழியர்கள் வந்து உட்காரும் முன் மேசை, அலமாரி, சன்னல் விளிம்பு எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும். எங்களிடம் எதிர்பார்ப்பது அவ்வளவுதான். அங்கிருந்து நாங்கள் எடுக்கும் தூசியில் என்ன கலந்திருக்கிறது என்று, நான் வேலை பார்த்த எந்த இடத்திலும் யாரும் கேட்டதில்லை. கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது என்பதால் இந்தக் கடிதம்.

புகைமூட்டம் வந்தால் ஊரே காற்றைப் பற்றிப் பேசுகிறது. மணிக்கொரு தடவை கைப்பேசியில் காற்றுமாசு எண்ணைப் பார்க்கிறோம், முகக்கவசம் வாங்கி வைக்கிறோம். நல்லதுதான். ஆனால் காற்றில் மிதப்பதில் ஒரு பகுதி நாளடைவில் கீழே படிந்துவிடுகிறது. படிந்த பிறகு அது யார் கணக்கிலும் வருவதில்லை. விசைப்பலகையின் இடுக்கில், தரைவிரிப்பின் இழைக்குள், பொய்க்கூரைக்கு மேலே என்று வருடக்கணக்கில் தங்கிவிடுகிறது. அந்தத் தூசியில் துணி நூலும், தோல் செதிலும், மண்ணும் மட்டும் இருப்பதில்லை. ஈயம், காட்மியம், குரோமியம், நிக்கல், செம்பு, துத்தநாகம் எல்லாம் உண்டு. இஸ்தான்புல் நகரில் வீடுகளிலும் அலுவலகங்களிலும் எடுத்த தூசியில் இந்த உலோகங்களை அளந்து, உடல்நலத்துக்கு எவ்வளவு ஆபத்து என்று கணக்கிட்ட ஆய்வு ஒன்று 2012இல் வெளிவந்தது. அதைப் போல இன்னும் பல நாடுகளில் செய்திருக்கிறார்கள்.

எங்கிருந்து வருகிறது இந்த உலோகம்? இதைக் கேட்டால் பலரும் தொழிற்சாலையைத்தான் நினைக்கிறார்கள். அலுவலகத்துக்குள்ளேயே அதற்கு ஆயிரம் வழி இருக்கிறது.

மேற்குப் பார்த்த அறைகளில் தொங்கும் பிளாஸ்டிக் சன்னல் திரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் சாயங்காலம் வரை வெயில் அதன்மேலேயே விழும். கொஞ்ச வருடத்தில் பட்டைகள் மஞ்சளாகிவிடும். விரலால் ஒரு பட்டையை மேலிருந்து கீழே இழுத்தால் சுண்ணாம்புப் பொடி போல விரலில் ஒட்டும். துடைத்த மறுவாரமே மறுபடியும் ஒட்டும். வெளியிலிருந்து வந்த அழுக்கு மட்டும் என்றால் இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு வெள்ளையாகச் சேராது. அந்தப் பிளாஸ்டிக்கே உதிர்கிறது. 1996இல் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் இதே மாதிரித் திரைகளைப் பற்றி எச்சரித்தது. சீனா, தைவான், இந்தோனீசியா, மெக்சிகோ ஆகிய இடங்களிலிருந்து இறக்குமதியான வினைல் திரைகளில், பிளாஸ்டிக் உறுதியாக இருப்பதற்காக ஈயம் சேர்த்திருந்தார்கள். வெயிலும் சூடும் பட்டுப் பிளாஸ்டிக் சிதையும்போது அந்த ஈயம் மேற்பரப்பில் தூசியாக வெளிப்படுகிறது என்று ஆணையம் கண்டுபிடித்தது. அப்புறம் ஈயம் சேர்க்காத திரைகள் வந்தன. நம் ஊர் அலுவலகங்களில் தொங்கும் பழைய திரைகள் எந்த வகை? திரையில் அது எழுதியிருக்காது. சோதித்தால்தான் தெரியும்.

அடுத்தது அச்சுப்பொறி இருக்கும் மூலை. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் ஒன்று செய்து காட்டுவேன். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் காந்தம் ஒன்றை மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, அச்சுப்பொறிக்குப் பின்னால் சேர்ந்த தூசியில் மெதுவாக உருட்ட வேண்டும். எடுத்துப் பார்த்தால் பையின் மேல் கறுப்பு முடி போலப் பொடி குத்திட்டு நிற்கும். சில வகை டோனர் மையில் காந்தத்தில் ஒட்டும் இரும்பு ஆக்சைடு இருக்கிறது. வாகனங்களின் பிரேக்கும் ரயில் சக்கரமும் தேய்ந்து வரும் துகளும் ஒட்டும். லண்டன், ஸ்டாக்ஹோம் நகரங்களில் நிலத்தடி ரயில் நிலையத் தூசியை ஆராய்ந்தபோது அதில் இரும்பு மிகுதியாக இருந்தது. இந்தக் கறுப்புப் பொடி இரும்புதான், பயப்பட வேண்டாம் என்றும் அப்போதே சொல்லிவிடுவேன். ஈயமோ காட்மியமோ காந்தத்தில் ஒட்டாது, கண்ணுக்கும் தெரியாது. ஆனால் சாம்பல் நிறத்தில் பஞ்சு போலக் கிடக்கும் தூசிக்குள் உலோகம் இருக்கிறது என்று கையில் பிடித்துக் காட்டினால்தான் நம்புகிறார்கள். அதன்பிறகு கையுறையைப் போடச் சொல்லி நான் கெஞ்ச வேண்டியதில்லை.

வெளியிலிருந்தும் வருகிறது. டயரில் துத்தநாகம் இருக்கிறது, பிரேக் பட்டையில் செம்பு இருக்கிறது. இரண்டும் சாலையில் தேய்ந்து, காலணியிலும் கட்டடத்துக்குள் இழுக்கும் காற்றிலும் உள்ளே வந்துவிடும். சிங்கப்பூரில் ஈயம் கலந்த பெட்ரோல் 1998இல் நின்றது. ஆனால் ஈயம் மக்குவதும் இல்லை, ஆவியாகிப் போவதும் இல்லை. சிட்னியில் பழைய வீடுகளின் கூரைக்குள் பல வருடமாகச் சேர்ந்த தூசியை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தபோது ஈயம் அங்கே மிகுதியாக இருந்தது. எங்கள் வட்டாரத்தில் 1998க்கு முன்பே கட்டிய கட்டடங்கள் நிறைய. அவற்றின் பொய்க்கூரைக்கு மேலே கையளவு கனத்துக்குத் தூசி கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதில் என்ன இருக்கிறது?

பழைய சாயம் இன்னொன்று, அதிலும் ஈயம் இருக்கலாம். மின்னணுச் சாதனங்களின் பற்றவைப்பில் ஒரு காலத்தில் கிட்டத்தட்ட நாற்பது விழுக்காடு ஈயம்தான். ஐரோப்பாவில் 2006 ஜூலையிலிருந்து கட்டுப்பாடு வந்தது. இங்கே 2017 ஜூனிலிருந்து கைப்பேசி, மடிக்கணினி, குளிர்சாதனம், தட்டைத்திரைத் தொலைக்காட்சி போன்ற ஆறு வகைப் பொருள்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆக, புதுப் பொருள்களைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். அலமாரியில் பூட்டி வைத்து மறந்துபோன பழைய கணினிகளும் மின்கலன்களும்தான் கவலை. 2021 ஜூலையிலிருந்து மின்கழிவுகளைச் சேகரிக்க முறையான ஏற்பாடு இருக்கிறது. குடியிருப்புப் பேட்டைக் கடைத்தொகுதிகளில்கூடத் தொட்டி வைத்திருக்கிறார்கள். அதில் போடலாமே. பழைய குழல்விளக்கு உடைந்தால் மட்டும் வேக்குவம் போட வேண்டாம் என்று எங்கள் ஆள்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். உள்ளே இருக்கும் பாதரசத்தை வேக்குவம் அறை முழுக்கப் பரப்பிவிடும். ஆள்களை வெளியே அனுப்பி, காற்றோட்டம் விட்டு, கெட்டி அட்டையால் அள்ளி, ஒட்டுநாடாவால் மிச்சத்தை எடுத்துப் பையில் கட்ட வேண்டும்.

சரி, தூசி மேசையில் இருந்தால் நமக்கென்ன என்று கேட்கலாம். அதை மூச்சில் இழுப்பதைவிடக் கை வழியாக வாய்க்குள் போவதுதான் அதிகம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு ஆபத்தைக் கணக்கிடும்போது, கட்டடத்துக்குள் வேலை செய்யும் ஒருவர் நாளுக்கு 50 மில்லிகிராம் மண்ணும் தூசியும் விழுங்குவதாக எடுத்துக்கொண்டிருக்கிறது. ஏறக்குறைய இரண்டு அரிசி மணியின் எடை. சிறு குழந்தைக்கு 200 மில்லிகிராம். எங்கே விழுங்குகிறோம் என்று தோன்றும். காலையில் நாங்கள் எடுக்கும் குப்பைத் தொட்டிகளைப் பார்த்தால் தெரியும். பொட்டலம் கட்டி வாங்கி வந்த நாசி லெமாக் தாள், கறிபாப் பை, முறுக்குப் பொட்டலம். எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டே மேசையில் சாப்பிடுகிறார்கள். ஒரு கை விசைப்பலகையில், ஒரு கை வாயில். இடையில் எழுந்து போய்க் கை கழுவுகிறவர்கள் எத்தனை பேர்?

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. உடம்புக்குள் போன ஈயம் சில வாரங்களில் ரத்தத்திலிருந்து குறையும். ஆனால் எலும்பில் போய்ப் பல பத்தாண்டுகள் உட்கார்ந்துவிடும். பெரியவர்களுக்கு ரத்த அழுத்தத்தைக் கூட்டும், சிறுநீரகத்தைப் பாதிக்கும். பெண்கள் கருவுற்றிருக்கும்போது எலும்பில் இருக்கும் ஈயம் மறுபடியும் ரத்தத்துக்கு வந்து குழந்தைக்குப் போகும். காட்மியம் சிறுநீரகத்தில் தங்கினால் அதில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டு ஆகும் என்கிறார்கள். ஜப்பானின் தொயாமா மாநிலத்தில் ஜின்சு ஆற்றில் சுரங்கக் கழிவு கலந்து, அந்தத் தண்ணீரில் விளைந்த அரிசியைச் சாப்பிட்டவர்களுக்கு எலும்பு நொறுங்கும் நோய் வந்ததற்குக் காட்மியம்தான் காரணம் என்று 1968இல் ஜப்பானிய அரசாங்கமே ஒப்புக்கொண்டது. அலுவலகத் தூசிக்கும் அந்த ஆற்றுக்கும் எவ்வளவோ தூரம், அதை நான் ஒன்றாக்கவில்லை. ஆனால் இந்த உலோகங்கள் உடம்பில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிற குணம் உள்ளவை என்பதற்காகச் சொல்கிறேன். ஆர்செனிக், காட்மியம், ஆறு இணைதிறன் குரோமியம், நிக்கல் சேர்மங்கள் ஆகியவற்றை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. இப்படிப்பட்ட கணக்குகளில், சாதாரண அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் பெரியவருக்கு ஆபத்து பெரும்பாலும் எல்லைக்குள்ளேயே வருகிறது. யாரும் வேலையை விட்டு ஓட வேண்டியதில்லை. இரண்டு பேருக்கு மட்டும் அந்தக் கணக்கு பொருந்தாது. ஒருவர் தினமும் அந்தத் தூசியைக் கிளப்பி எடுக்கும் துப்புரவு ஊழியர். இன்னொருவர் குழந்தை.

துப்புரவு ஊழியரைப் பற்றிச் சொல்கிறேன். முதல் எம்ஆர்டி ரயிலைப் பிடிப்பதற்காக எங்கள் ஆள்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது இன்னும் இருட்டாகத்தான் இருக்கும். யாரும் சாப்பிட்டுவிட்டு வருவதில்லை. ஒரு கோப்பி-ஓ குடித்தால் அதிசயம். வேலை முடிந்து ஒன்பது மணிக்கு மேல்தான் ரொட்டியோ மீ ஹூனோ. வெறும் வயிற்றில் இருக்கும்போது உடம்பு ஈயத்தைப் பல மடங்கு கூடுதலாக உறிஞ்சும். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைவாக இருந்தால் இன்னும் கூடும். ரத்தசோகைக்கு மாத்திரை சாப்பிடும் அக்காமார் என் குழுவிலேயே இருக்கிறார்கள். உலோகத் தூசியை அதிகம் கிளப்புகிற நேரமும், அதை உடம்பு அதிகம் வாங்கிக்கொள்கிற நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகிறது. இதை நினைக்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

சில மாதங்களுக்கு முன் நாங்கள் சுத்தம் செய்யும் ஒரு கட்டடத்தில் ஒரு தளத்தை இரவோடு இரவாக உடைத்துப் புதுப்பித்தார்கள். குத்தகையாளரின் ஆள்கள் பழைய சுவரைத் துளைத்து, சாயத்தைச் சுரண்டி, கடைசியில் தென்னந்துடைப்பத்தால் உலர்வாகவே கூட்டி வாரினார்கள். மறைப்புக்குக் கட்டிய பிளாஸ்டிக் தாள் அடியில் திறந்தே கிடந்தது. காலையில் போனால், வேலை நடக்காத பக்கத்துத் தளத்திலும் மேசை முழுக்க மாவு தெளித்த மாதிரி. ஒரு கணினித் திரையின் மேல் விளிம்பில் விரலால் கோடு போட்டால் கோடு தெளிவாகத் தெரிந்தது. வசதி நிர்வாகியிடம் போய், இந்தத் தூசியைச் சோதிக்க வேண்டும், அதுவரை ஊழியர்களை வேறு தளத்தில் உட்கார வைக்கலாமா என்று கேட்டேன். "தூசிதானேம்மா, தட்டிவிட்டாப் போச்சு, எட்டரைக்குள்ள முடிச்சிடுங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவருக்கு அது உண்மையிலேயே வெறும் தூசி. எங்கள் மக்சிக் (வயதான மலாய் அம்மா) ஒருவர் கோழி இறகுத் துடைப்பத்தை எடுத்தார். நான் அதை வாங்கி வைத்துவிட்டு எல்லாருக்கும் ஈரத் துணியைக் கொடுத்தேன். எட்டரைக்குள் முடியவில்லை. புகார் வந்தது.

அந்த இறகுத் துடைப்பத்தின் மேல் எனக்குத் தனிக் கோபம் உண்டு. தூசியை அது எடுப்பதே இல்லை, கிளப்பி மட்டும் விடுகிறது. பெரிய துகள் கொஞ்ச நேரத்தில் பக்கத்து மேசையில் இறங்கும். பொடித் துகள் மணிக்கணக்கில் மிதக்கும். உலோகம் கூடுதலாக ஒட்டியிருப்பது பெரும்பாலும் அந்தப் பொடித் துகளில்தான். சாதாரண வேக்குவமும் அப்படியே: முன்னால் உறிஞ்சி, பொடியைப் பின்னால் ஊதிவிடும். ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவம் என்றால் 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்ளும். ஈயத் தூசி உள்ள வீடுகளைச் சுத்தம் செய்ய அமெரிக்காவில் சொல்லித் தரும் முறையும் இதுதான். முதலில் ஹெப்பா வேக்குவம், அப்புறம் ஈரத் துணி. துணியை ஒரு மேசைக்கு ஒரு பக்கமாக மடித்து மடித்துப் பயன்படுத்த வேண்டும். அழுக்குப் பக்கத்தாலேயே அடுத்த மேசையைத் துடைத்தால் தூசியைப் பங்கு போட்டுக் கொடுத்த மாதிரிதான். அலசிய தண்ணீரைக் கழிவுநீர்க் குழாயில்தான் ஊற்ற வேண்டும். சாலையோரச் சாக்கடையில் ஊற்றினால் அது மழைநீரோடு சேர்ந்து மரினா போன்ற நீர்த்தேக்கத்துக்குப் போய்ச் சேரலாம். நாம் குடிப்பதும் அதிலிருந்து வருவதுதானே.

குழந்தைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அலுவலகக் கட்டடங்களிலேயே பாலர் பராமரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. பெற்றோருக்கு வசதி, அரசாங்கமும் ஊக்குவித்த ஏற்பாடு. அங்கே தவழும் பிள்ளைகள் தரையில் கையை வைத்து, அதே கையை வாயில் வைக்கும். வாயில் போன ஈயத்தைச் சிறு பிள்ளைகளின் உடம்பு பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். போன அறிவுத்திறன் திரும்பி வராது. பாலர் நிலையத்துக்குள் எல்லாம் சுத்தமாகத்தான் இருக்கும், ஆசிரியர்கள் அவ்வளவு கவனம். ஆனால் அதே கட்டடத்தின் மேல் தளத்தில் சுவரைத் துளைத்தால், மின்தூக்கி வாசலிலும் பொதுவான குளிர்சாதனக் குழாயிலும் தூசி கீழே வராது என்று யார் உறுதி கொடுப்பது?

நம் ஊரில் விதிகளே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். ஈயம், காட்மியம், பாதரசம் போன்றவற்றைக் கையாளும் ஊழியர்களுக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் விதி இருக்கிறது. மின்கலத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவருக்கு அது சரி. குளிரூட்டிய கட்டடங்களின் காற்றுத் தரத்துக்கு எஸ்எஸ் 554 என்ற சிங்கப்பூர்த் தரநிலையும் இருக்கிறது. கரியமில வாயு, ஃபார்மால்டிஹைட், காற்றில் மிதக்கும் துகள், பாக்டீரியா, பூஞ்சை எல்லாவற்றுக்கும் அதில் அளவு உண்டு. மேசையில் படிந்த தூசியில் ஈயம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு அதில் அளவு இல்லை. அமெரிக்காவில் பழைய வீடுகளுக்கும் குழந்தைகள் இருக்கும் கட்டடங்களுக்கும் தரைத் தூசியில் ஈயத்துக்கு எல்லை வைத்திருக்கிறார்கள். 2019இல் அதை ஒரு சதுர அடிக்கு 40 மைக்ரோகிராமிலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள், 2024இல் இன்னும் இறுக்கினார்கள். ஒரு துணியால் குறிப்பிட்ட பரப்பைத் துடைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவதுதான் அவர்கள் முறை. அவ்வளவு எளிமை.

சோதிப்பது பெரிய செலவு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சிராங்கூன் சாலை நகைக்கடையில் பழைய வளையலைக் கொடுத்தால், ஒரு சிறிய பெட்டிக்குள் வைத்து, தங்கம் எத்தனை விழுக்காடு, செம்பு எத்தனை, வெள்ளி எத்தனை என்று நிமிடத்தில் திரையில் காட்டுகிறார்களே, அது எக்ஸ் கதிர் ஒளிர்வு முறை. எக்ஸ் கதிர் பட்டதும் ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய கதிரைத் திருப்பி அனுப்பும். அதை வைத்து எது எவ்வளவு என்று சொல்லிவிடலாம். தூசியில் ஈயத்தையும் துத்தநாகத்தையும் செம்பையும் அதே முறையில் அளக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகம் தொடங்கிய ஒரு திட்டத்தில், பொதுமக்கள் தங்கள் வீட்டு வேக்குவம் பையில் சேர்ந்த தூசியை அஞ்சலில் அனுப்பினார்கள்; பல்கலைக்கழகம் அதைச் சோதித்து முடிவைத் திருப்பி அனுப்பியது. மற்ற நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 35 நாடுகளின் வீட்டுத் தூசியை ஒப்பிட்டபோது, வீடு பழையதாக இருந்தால் ஈயமும் கூடுதலாக இருந்தது. நம் பல்கலைக்கழகங்களிலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் இந்தக் கருவிகளும் ஆர்வமுள்ள மாணவர்களும் இருக்கிறார்கள். தூசி எங்களிடம் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் பை பையாகக் கட்டிப் போடுகிறோம். யாராவது ஒருவர் வந்து கேட்டால், எந்தக் கட்டடம், எந்தத் தளம், எந்த மூலை என்று பெயர் ஒட்டியே கொடுப்போம்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. துப்புரவு ஒப்பந்தம் புதுப்பிக்கும் நிறுவனங்களுக்கு என் வேண்டுகோள்: மேசைகளை ஈரத் துணியால் துடைக்க வேண்டும், தரைவிரிப்புக்கு ஹெப்பா வேக்குவம் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அதற்கு ஆகும் கூடுதல் நேரத்தையும் சேர்த்து விலை கேளுங்கள். படிப்படியாக உயரும் சம்பள முறை வந்ததால் எங்கள் ஆள்களின் கையில் கிடைக்கும் பணம் கூடியிருக்கிறது, அதற்கு நன்றி. ஆனால் ஒப்பந்தம் மட்டும் இன்னும் பல இடங்களில் விலை குறைவானவருக்கே போகிறது. அப்படி எடுத்த ஒப்பந்தத்தில் நல்ல வேக்குவத்துக்கும் மாற்றுத் துணிக்கும் காசு எங்கிருந்து வரும்? புதுப்பிப்பு வேலை நடந்தால், மறைப்பை ஒழுங்காகக் கட்டி, தூசியைக் குத்தகையாளரே ஈரமாக அள்ளி, சோதித்து முடித்த பிறகுதான் தளத்தை எங்களிடம் கொடுக்க வேண்டும் என்று கட்டட உரிமையாளர்கள் விதி வைக்கலாம். எஸ்எஸ் 554 தரநிலையை அடுத்து மறுபரிசீலனை செய்யும் நிபுணர்கள், படிந்த தூசியையும், குறைந்தது பழைய கட்டடங்களுக்கும் பாலர் நிலையம் உள்ள கட்டடங்களுக்குமாவது, சேர்க்க வேண்டும்.

அலுவலக ஊழியர்களே, நீங்கள் செய்யக்கூடியது சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிடுவதுதான். கிருமிநாசினி ஜெல் கிருமியைக் கொல்லும். ஈயத்தை அது ஒன்றும் செய்யாது, கையிலேயே பூசி வைக்கும். முடிந்தால் சாப்பாட்டை மேசையை விட்டுப் பொது உணவு அறைக்குக் கொண்டுபோங்கள்.

கடைசியாக எங்களுக்காக ஒன்று. நாங்கள் வேலை செய்யும் பல கட்டடங்களில் துப்புரவு ஊழியர்கள் சாப்பிடுவது படிக்கட்டுக்கு அடியில், துடைப்பமும் வாளியும் வைக்கும் இடத்தில்தான். சீருடையோடேயே வீட்டுக்குப் போகிறார்கள். பேரப்பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொள்ளும். உலோகத் தூசி துணியோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைப் பாதித்த கதைகள் ஈயத் தொழிற்சாலைகளின் வரலாற்றில் நிறையவே இருக்கின்றன. ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு கை கழுவும் தொட்டி, சீருடை மாற்ற ஒரு சிறிய அறை, துடைப்பம் இல்லாத இடத்தில் நான்கு நாற்காலி போட்ட ஒரு மேசை, இவ்வளவுதான் கேட்கிறோம். புது ஒப்பந்தங்கள் ஜனவரியில் தொடங்கும் இடங்களில் அதற்கு முன்பே இதைச் செய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
துப்புரவு மேற்பார்வையாளர் ஒருவர்,
யீஷூன்